ஆடிக் காற்றும் ஐப்பசிக் கணக்கும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே உள்ள ஒரு சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். தறிக்காரரும் பயிரிடுவோரும் கலந்த சங்கம் அது. அங்கத்தினர் தொகை பெரிதன்று. ஆயினும் தவணை தவறாத சங்கம் என்று பெயர் பெற்றது. வரவு செலவு அறிக்கை படித்து முடிந்து, லாபப் பங்கீடும் முடிவாகி, கூட்டம் கலையும் நேரம் என்று நாம் எண்ணியிருந்தபோது காரியதரிசி ஏழாவது தீர்மானத்தைப் படித்தார். ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் 250 கிலோவாட் திறனுள்ள பழைய காற்றாலை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சங்கத்தின் காப்பு நிதியில் ஒரு பகுதியை எடுத்தும், அங்கத்தினரிடம் சிறப்புப் பங்குத்தொகை திரட்டியும் அதை வாங்கலாம். அதன் மின்சாரத்தைத் தறிகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் ஈடு செய்துகொள்ளலாம் என்பது தீர்மானத்தின் சாரம். தரகர் ஒருவர் கொடுத்த வழவழப்பான அச்சுத்தாளும் கைக்குக் கை சுற்றி வந்தது.

நாம் தயங்கினோம். தயக்கத்தைக் கண்ட முதிய நெசவாளர் ஒருவர் எழுந்தார். “ஐயா, ஆடிக் காற்று வீசினால் தெருவிலே போட்ட பாவு அறுந்து போகிறது. ஒரு நாள் பிழைப்புக் கெடுகிறது. அதே காற்று ஆரல்வாய்மொழியிலே காசாகிறது என்கிறார்கள். கெடுக்கிற காற்று கொஞ்சம் கொடுக்கவும் கொடுக்கட்டுமே என்றுதான் கேட்கிறோம்” என்றார். அவர் அமர்வதற்குள் பின்வரிசையில் இருந்த கீரைத் தோட்டக்காரர் ஒருவர் மாறான கேள்வி ஒன்றைப் போட்டார். “2012-லும் அத்தனை காற்றாடி இருந்ததே! பிறகு ஏன் இருட்டிலே கிடந்தோம்?”

இரண்டுக்கும் அன்று நம்மிடம் விடை இல்லை. கல்லூரியில் பௌதிகம் படித்தவர்தாம் நாம். ஆயினும் படித்தது தேர்வோடு நின்றுவிட்டது. தீர்மானத்தை ஐப்பசியில் கூடும் சிறப்புக் கூட்டத்திற்கு ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டு, இடையிலே கிடைத்த இரண்டு நாள் விடுமுறையில் ஆரல்வாய்மொழிக்குப் புறப்பட்டோம். செலவு சொந்தச் செலவுதான். பயணப்படி கோரவில்லை என்பதை அங்கத்தினர்கள் குறித்துக்கொள்ளலாம்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் இரயிலில் வள்ளியூரைக் கடந்ததும் மலை நெருங்கி வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தன் நெடும் பயணத்தை முடிக்கும் இடம் அது. அங்கே மலைக்கு நடுவே ஒரு வாயில் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மலையில் மோதி, ஏற முடியாமல், இந்த வாயிலைக் கண்டு அதன் வழியே பாய்கிறது. மடை திறந்தால் நீர் பாய்வதைப் போல. தமிழ்நாட்டில் இத்தகைய வாயில்கள் சில உள்ளன: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. காற்றாலைகள் பெரும்பாலும் இவற்றின் முன்னே நிற்பதற்குக் காரணம் இதுவே. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது பௌதிக விதி. ஆதலின் சிறிதளவு வேகம் கூடும் இடமும் பெரிய லாபம் தரும். சிறிதளவு வேகம் குறைந்தால் நட்டமும் அவ்வாறே பெரிதாகும். இந்த இரண்டாவது பாதியைத் தரகரின் அச்சுத்தாள் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அங்கே கண்டோம். கன்னியாகுமரி மாவட்டக் கூட்டுறவு நூற்பாலை அமைந்திருப்பது அந்த ஆரல்வாய்மொழியில்தான். கூட்டுறவு நூற்பாலைகளில் நூற்கும் சிட்டா நூல்தான் நம் நெசவாளர் சங்கங்களுக்கு வருகிறது. நம் தறியில் ஏறும் நூலுக்கும் அந்தக் கணவாய்க் காற்றுக்கும் இப்படி ஓர் அயல்வீட்டு உறவு இருப்பதை நாம் அதுவரை அறியோம்.

அங்குள்ள துணைமின் நிலையம் ஒன்றில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர் நம்மை உட்கார வைத்துப் பேசினார். வெளியே நூற்றுக்கணக்கான இறக்கைகள் சுழன்றுகொண்டிருந்தன. “சார், நீங்கள் எல்லோரும் இறக்கையைப் பார்க்கிறீர்கள். நாங்கள் சென்னையிலிருந்து வரும் தொலைபேசியைப் பார்க்கிறோம்” என்றார். அவர் சொன்னதன் பொருள் நமக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கிய வகையிலே எழுதுகிறோம்.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஏரிப்பாசனம் தெரியும். ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிறது. நீர் ஏரியில் நிற்கிறது. நீர்க்கட்டி மதகைத் திறக்கும்போது வயலுக்குப் பாய்கிறது. வரத்துக்கும் செலவுக்கும் நடுவே ஏரி நின்று இரண்டையும் இணைத்து வைக்கிறது. மின்சாரத்திற்கு அத்தகைய ஏரி கிடையாது. கால்வாய் மட்டுமே உண்டு. நாடு முழுவதும் ஒரு நொடியில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ அவ்வளவும் அதே நொடியில் உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. இந்தச் சமநிலையை அறிவிப்பது அதிர்வெண் என்னும் அளவு. நொடிக்கு 50 துடிப்பு என்பது அதன் இலக்கு. செலவு மிஞ்சினால் அது 50-க்குக் கீழே இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் மேலே ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே அதை வைத்திருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. ஊர்த் தேரின் வடத்தை எல்லோரும் ஒரே வேகத்தில் இழுப்பதுபோல, காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரையுள்ள பெரிய மின்னாக்கிகள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. ஒருவர் கைவிட்டால் மற்றவர்மேல் பாரம் ஏறுகிறது.

இந்தக் கால்வாய்க்கு நீர்க்கட்டிகள் உண்டு. சென்னையில் மாநில மின்பளு அனுப்புகை மையம், பெங்களூரில் தென்மண்டல மையம், தில்லியில் தேசிய மையம் என மூன்று அடுக்கு. ஒரு நாளை 15 நிமிடம் கொண்ட 96 பகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் எந்த நிலையம் எவ்வளவு தரும், எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கும் என்று முன்னதாகவே எழுதிவிடுகிறார்கள். எழுதியதற்கு மாறாக நடந்தால் அபராதம். நாள்தோறும் 96 முறை சிட்டாவும் பேரேடும் ஒத்துப்போக வேண்டிய சங்கம் ஒன்றை எண்ணிப் பாருங்கள்! தணிக்கை செய்யும் நமக்கே மூச்சு முட்டுகிறது.

அனல் நிலையமும் நீர்மின் நிலையமும் இத்தகைய கணக்குக்கு இசைந்து வரும். சொன்ன அளவு தரும். காற்று யார் சொல்லையும் கேட்பதில்லை. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களை வரிசையாக நிறுத்தியபோது இது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. மாநிலத்தின் மொத்த மின்சாரத்தில் அது ஒரு துளி. இன்று நிலைமை வேறு. தமிழ்நாட்டில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. நெடுங்காலம் இந்தியாவில் முதலிடம் நம்முடையதாயிருந்தது. இப்போது குஜராத் நம்மை முந்திச் சென்றிருக்கிறது. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட்டுக்கு மேல் காற்று மின்சாரம் நம் மின்தொகுப்பில் சேர்ந்தது. காற்று அடங்கிய நாளில் அதே இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து சில நூறு மெகாவாட்டுக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. மாநிலத்தின் உச்சத் தேவையோ 2024 மே 2-ஆம் நாள் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தத் தேவை உச்சிக்குப் போவது சித்திரை வெயிலில். காற்று உச்சிக்குப் போவது ஆனி, ஆடி, ஆவணியில். இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

இனித் தோட்டக்காரர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

2012-ஐ அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்போர் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வெட்டு. வெளி மாவட்டங்களில் பத்து மணிக்கும் மேல். விசைத்தறி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். அவ்வாண்டு ஆடியிலே காற்று வீசிய வரையில் ஓரளவு சமாளித்தார்கள். ஐப்பசியில் காற்று விழுந்ததும் பற்றாக்குறை 4,000 மெகாவாட் அளவுக்கு ஏறிற்று. இதிலே வேதனை யாதெனில், அத்தகைய பஞ்ச காலத்திலும் காற்று மிகுந்த வேளைகளில் காற்றாலைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது என்பதே. மின்சாரத்தை வடக்கே ஏற்றிச் செல்லப் போதிய கம்பிகள் தெற்கே இல்லை. ஏரியில் கலங்கல் வழிந்து வீணாகிக்கொண்டிருக்க, கடைமடை காய்ந்து கிடந்த கதை.

அயல் மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கலாமே எனலாம். அதுவும் அன்று எளிதன்று. தென்னிந்தியாவின் மின்தொகுப்பு அப்போது தனித் தொகுப்பு. வடக்கோடு ஒரு சில தனி வழிகளால் மட்டுமே இணைந்திருந்தது. 2012 ஜூலை 30, 31 நாள்களில் வட இந்தியா முழுதும் இருளில் மூழ்கியபோது நாம் தப்பியது அந்தத் தனிமையின் பயனே. நம் மிகுதி காற்று மின்சாரம் விலை போகாமல் நின்றதும் அதே தனிமையால்தான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் கம்பி இணைந்தது. அன்று முதல் நாடு முழுதும் ஒரே தாளம் ஆயிற்று.

அதன் பின்னர் நடந்த பணிகள் பத்திரிகைகளில் ஓரிரு வரியாக வந்து மறைந்தவை. ஆனால் காற்றாலைகளைவிட முக்கியமானவை என்பது நம் கருத்து. கயத்தாறு, கானார்பட்டி, தப்பக்குண்டு, ராசிபாளையம், ஆனைக்கடவு ஆகிய இடங்களில் காற்று மின்சாரத்தைத் திரட்டுவதற்கென்றே 400 கிலோவோல்ட் நிலையங்கள் திட்டமிடப்பட்டன. பசுமை மின்பாதைத் திட்டம் என்று அதற்குப் பெயர். செலவில் 40 விழுக்காடு மத்திய சர்க்காரின் மானியம், 40 விழுக்காடு ஜெர்மானிய வளர்ச்சி வங்கியின் கடன், 20 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. இது தவிர, சத்தீசுகரிலுள்ள ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டப் பாதை ஒன்று 2020-21-ல் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 6,000 மெகாவாட். பற்றாக்குறைக் காலத்தில் வடக்கின் மின்சாரம் இங்கே வரும். ஆடிக் காற்று மிகும்போது இங்கிருந்தும் வடக்கே அனுப்பலாம். கரூர் என்றால் போர்வையும் படுக்கை விரிப்பும்தான் நம் நினைவுக்கு வரும். இனி இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆரல்வாய்மொழியில் உற்பத்தியாகும் யூனிட், எழுநூறு கிலோமீட்டர் கடந்து வந்து ஆவடியில் நம் வீட்டு விளக்கை ஏற்றுகிறது என்று சிலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. அந்த யூனிட்டுகள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கங்களிலேயே செலவாகிவிடுகின்றன. கொரட்டூர் நிலையத்திற்கும் அலமாதி நிலையத்திற்கும் அருகில் இருப்பவை அத்திப்பட்டும் வல்லூரும். நிலக்கரி எரிக்கும் நிலையங்கள் அவை. தெற்கே காற்று வீசினால் வடக்கே அந்த நிலையங்கள் அடுப்பைக் குறைத்துக்கொள்கின்றன. எனவே நமக்கு வருவது காற்று அன்று. நமக்காக எரிய வேண்டிய நிலக்கரி மிச்சமாகிறது.

ஆனால் அடுப்பைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 500 மெகாவாட் அலகு ஒன்றை 55 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது 275 மெகாவாட்டுக்குக் கீழே, இறக்கும்படி கேட்பதில்லை என்பது 2016 முதல் வந்த விதி; அதை மேலும் தாழ்த்தி 40 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023-ல் கூறப்பட்டது. முற்றிலும் அணைத்துவிட்டால் மறுபடி மூட்டுவதற்குப் பல மணி நேரமாகும். மாலையில் ஊர் விளக்கேற்றும் வேளைக்கு அது வந்து சேராது. கூடங்குளத்து அணு உலைகள் இரண்டும் ஆளுக்கு 1,000 மெகாவாட். அவையும் அதே தென்கோடியில், ஒரே சீராக ஓட வேண்டியவை. ஆடி மாதத்து நள்ளிரவில், தறிகள் ஓய்ந்து ஊர் உறங்கும்போது, காற்று மட்டும் உறங்காமல் வீசுகிறது. அனல் நிலையங்கள் தம் எல்லைவரை இறங்கிவிட்டன, வெளியே விற்கக் கூடியதை விற்றாயிற்று, இன்னும் மிகுதி. அப்போதுதான் சென்னையிலிருந்து அந்தப் பொறியாளருக்குத் தொலைபேசி வருகிறது. இன்ன பாதையில் இத்தனை மெகாவாட்டைக் குறை என்று. இறக்கைகள் நிற்கின்றன. முதலீடு செய்தவருக்கு அந்த இரவின் வரவு இல்லை.

இதற்கு மாற்று ஒன்று நம்மிடம் முன்னமே உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில் 1987-89 ஆண்டுகளில் அமைந்த 400 மெகாவாட் நிலையம் அது. மின்சாரம் மிகுந்த நேரத்தில் கீழணையின் நீரை மேலணைக்கு இறைத்து ஏற்றுகிறார்கள். தட்டுப்பாடான நேரத்தில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றுவதற்குச் செலவிட்டதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான் திரும்பும். வட்டி கொடுத்துக் கடன் வாங்குவது போலத்தான். ஆயினும் பஞ்சத்தில் நெல் கிடைக்கிறதே! நீலகிரியில் குந்தாவிலும் 500 மெகாவாட்டில் இத்தகைய திட்டம் ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. 10,000 மெகாவாட் காற்றுக்கு இவையெல்லாம் குளத்தின் முன் குடம். பெரிய மின்கலங்களும் வந்துகொண்டிருக்கின்றன. மின்கலம் நொடிகளுக்கும் மணிகளுக்கும் உதவும்; ஆடியில் வைத்ததை ஐப்பசியில் எடுக்க உதவாது.

பழைய இயந்திரங்களைப் பற்றி ஒரு சொல். தொடக்க காலத்துச் சிறு காற்றாலைகள் தாம் சுழல்வதற்கே தொகுப்பிலிருந்து ஒருவகை மின்னோட்டத்தை இழுத்து, உள்ளூர் மின்னழுத்தத்தைத் தாழ்த்துபவை. எங்கேனும் கம்பி அறுந்து அழுத்தம் நொடிப்பொழுது சரிந்தால் உடனே தாமும் விலகிக்கொள்பவை. ஒன்று விலகினால் பரவாயில்லை. ஆயிரம் சேர்ந்து விலகினால்? 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் சூறாவளி மின்கோபுரங்களைச் சாய்த்தபோது, அழுத்தம் மீண்டும் மீண்டும் சரிய, பல காற்றாலைகள் தம் பாதுகாப்பு அமைப்பின்படி உற்பத்தியைச் சட்டெனக் குறைத்துக்கொண்டன. மாநிலம் முழுதும் இருண்டது. அந்த இயந்திரங்கள் புதியவை. குறை அமைப்பில் இருந்தது, பின்னர் திருத்தப்பட்டது. பழையவற்றில் திருத்துவது அவ்வளவு எளிதன்று. 20 ஆண்டு கடந்த காற்றாலைகளைப் புதுப்பிக்கவோ மாற்றவோ செய்வதற்கெனத் தமிழ்நாடு 2024-ல் ஒரு கொள்கையை வெளியிட்டதற்கு இத்தகைய காரணங்களும் உண்டு. தரகர் காட்டிய இயந்திரம் அந்த வயதைத் தாண்டியது.

நிற்க. நம் அங்கத்தினர்களுக்கு மிகவும் நெருக்கமான பகுதி இனிமேல்தான் வருகிறது. அதற்கு மின்சார வங்கி முறை என்று பெயர். ஆலை வைத்திருப்பவர் ஒருவர் கணவாய்ப் பகுதியில் காற்றாலை வைத்து, ஆடியில் மிகுந்ததை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைக்கலாம். ஐப்பசிக்குப் பின் காற்றில்லாத மாதங்களில் அதை எடுத்துத் தம் ஆலைக்குச் செலவெழுதலாம். கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஆண்டு முடிவில் எடுக்காமல் நின்றதற்குக் காற்று மின்சார விலையில் 75 விழுக்காடு பணமாகக் கொடுப்பார்கள். கோவை, திருப்பூர்ப் பகுதி நூற்பாலைகள் இத்தனை காற்றாலைகளை நிறுவியதற்கு இந்த வசதி பெருங்காரணம்.

ஆனால் சிக்கன சங்கம் நடத்திப் பழகியவர்கள் இதிலுள்ள முடிச்சை உடனே கண்டுகொள்வர். அறுவடைக் காலத்தில், நெல் விலை விழுந்திருக்கும்போது, ஒருவர் நூறு மூட்டை கொண்டுவந்து கிடங்கில் வைக்கிறார். பஞ்ச காலத்தில், விலை ஏறியிருக்கும்போது, அதே நூறு மூட்டையைக் கேட்கிறார். கிடங்கு இருந்தால் சரி. மின்வாரியத்திற்குக் கிடங்கு இல்லை என்று முன்னமே கண்டோம். ஆடியில் வாங்கியதை அன்றே செலவிட்டாயிற்று. ஐப்பசியில் திருப்பிக் கொடுக்க வேறு இடத்தில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அந்த வித்தியாசம் யார் தலையில் விழுகிறது? மற்ற நுகர்வோர் தலையில் என்று வாரியத்தார் கூறுகின்றனர். நிலக்கரி மிச்சமானதையும், பஞ்ச ஆண்டுகளில் நாங்கள் தாங்கியதையும் ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்று ஆலையார் கேட்கின்றனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் ஒரு வழி வகுத்தது: அவ்வாண்டு மார்ச் இறுதிக்கு முன் அமைந்தவற்றிற்கு ஆண்டுக் கணக்கு, பின் அமைந்தவற்றிற்கு ஒரு மாதக் கணக்கு மட்டுமே. ஆடியில் வைத்ததை ஐப்பசியில் எடுக்கும் சலுகை புதியவர்களுக்கு இல்லை. நம்மைக் கேட்டால், கிடங்கு கட்டாமல் கிடங்கு ரசீது கொடுத்த பிழை இது. பிழையைத் திருத்த வேண்டிய இடம் காடம்பாறையைப் போன்ற ஏற்பாடுகளும் கம்பிப் பாதையுமே ஒழிய, ரசீதைக் கிழிப்பது அன்று.

டென்மார்க்கில் இது எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்பது நலம். அது கூட்டுறவு நாடு. அங்கே நுகரும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து கிடைக்கிறது. கோபன்ஹேகன் துறைமுகத்திற்கு வெளியே கடலில் 2000-ஆம் ஆண்டு நிறுத்திய 20 காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரணக் குடிமக்கள் பங்கு சேர்ந்த ஒரு சங்கத்தின் உடைமை. நம் அங்கத்தினர்கள் கேட்டது அதுதான், அங்கே நடந்திருக்கிறது. எப்படி முடிந்தது? கடலுக்கு அப்பால் நார்வேயில் மலை அணைகள் உள்ளன. 1970-களிலேயே கடலடியில் கம்பி போட்டு இரு நாடும் இணைந்தன. டென்மார்க்கில் காற்று மிகுந்தால் நார்வே மதகை மூடி நீரைச் சேமிக்கிறது. காற்று விழுந்தால் திறந்து மின்சாரம் அனுப்புகிறது. எட்டாயிரம் பேரின் பங்குப் பணம் பாதுகாப்பாய் இருப்பது இறக்கையினால் மட்டும் அன்று. அயலானின் அணையினாலும் ஆகும்.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு ஐப்பசிக் கூட்டத்திற்குச் சென்றோம். மழை வலுத்திருந்தது, ஆயினும் வருகை குறையவில்லை. கரும்பலகையில் கணக்கைப் போட்டோம். 250 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுதும் நில்லாமல் முழுத் திறனில் ஓடினால் 21,90,000 யூனிட். தரகரின் தாள் ஏறத்தாழ அந்தத் தொகையை வைத்தே லாபம் காட்டியிருந்தது. பழைய இயந்திரம், நல்ல இடமே ஆனாலும், அதில் ஐந்தில் ஒரு பங்கு தந்தால் பெரிது. அதாவது நான்கரை லட்சத்திற்குச் சற்றுக் குறைவு. அதிலும் தொலைபேசி வந்த இரவுகளைக் கழிக்க வேண்டும்.

அடுத்து, யாருக்கு ஈடு செய்வது? பயிரிடும் அங்கத்தினரின் பம்புசெட்டுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். இல்லாத கட்டணத்தில் எதைக் கழிப்பது? விசைத்தறிக்கு இரண்டு மாதத்திற்கு 1,000 யூனிட்டும், கைத்தறிக்கு 300 யூனிட்டும் 2023 முதல் இலவசம். அதற்கு மேல் ஓட்டுவோர் இச்சங்கத்தில் சிலரே. அவர்கள் இணைப்பும் தாழ்வழுத்த இணைப்பு. காற்று மின்சாரத்தை வரவு வைத்துக் கழிக்கும் வழி பெரும்பாலும் உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கே உரியது. கூட்டுறவுச் சங்கம் என்பதால் ஒரு நன்மை உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னோம்: 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, சொந்த உபயோக நிலையம் என்று ஏற்கப்பட 26 விழுக்காடு உடைமையும் 51 விழுக்காடு நுகர்வும் வேண்டும், பதிவுபெற்ற சங்கமாயின் அங்கத்தினர் எல்லோரும் சேர்ந்து அதை நிறைவு செய்தால் போதும். நூற்பாலை போன்ற பெரிய சங்கத்திற்கு இது பெரும் வரம். நம் சங்கத்திற்கு இப்போதைக்கு ஏட்டுச் சுரைக்காய்.

முதிய நெசவாளர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் பாவு அறுந்ததுதான் மிச்சமா, ஐயா?” என்றார். சபை சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. நமக்கும் சிரிப்பு வரவில்லை. காப்பு நிதி என்பது அவருடைய தந்தையாரும் அவரும் அறுபது ஆண்டுகளாகக் கூலியில் பிடித்துச் சேர்த்த பணம்.

கீரைத் தோட்டக்காரர் வேறொரு வழியைக் காட்டினார். முன்னாள்களில் மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறைவைத்து வந்தபோது, நள்ளிரவில் எழுந்து பம்பு போட்டவர் அவர். இப்போது சூரிய ஒளி நிலையங்கள் பெருகி, நடுப்பகலில் மின்சாரம் மிகுந்து நிற்கிறது என்று நாம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, “பகலிலே மிகுதி என்றால் பகலிலேயே இறைத்து விடுகிறோம், மாலை ஆறு மணிக்கு மேல் பம்பைத் தொடுவதில்லை. அந்த நேரத்து மின்சாரம் தறிக்காரருக்கு ஆகட்டும். காசு கேட்கவில்லையே” என்றார். நீர்முறை வைத்துப் பழகியவருக்கு மின்முறை எளிதில் விளங்கிவிட்டது. பதினொரு தோட்டக்காரர்கள் அங்கேயே கை தூக்கினார்கள். நாடளாவிய தொகுப்பில் பதினொரு பம்பு எம்மாத்திரம் என்று ஒருவர் முணுமுணுத்தார். கூட்டுறவு ஆய்வாளர் முன்னிலையில் அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பதினொருவரில் தொடங்காத சங்கம் எதையும் நாம் கண்டதில்லை.

ஏழாவது தீர்மானம் கைவிடப்படவில்லை, திருத்தப்பட்டது. காப்பு நிதியைத் தொடுவதில்லை என்றும், தரகரிடம் எழுத்து மூலம் சில விவரங்கள் கேட்பது என்றும் முடிவாயிற்று. இயந்திரம் நிறுவிய ஆண்டு. கடந்த ஐந்தாண்டில் மாதவாரியாக உற்பத்தியான யூனிட். அதே மாதங்களில் மையத்தின் உத்தரவால் நிறுத்திவைத்த மணி நேரம். வங்கிக் கணக்கு ஆண்டுக் கணக்கா, மாதக் கணக்கா. 2024-ஆம் ஆண்டுக் கொள்கையின் கீழ்ச் செலுத்த வேண்டியது எவ்வளவு. கடிதத்தைக் காரியதரிசி கார்த்திகை முதல் வாரத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒப்புகைச் சீட்டு வந்து கோப்பில் சேர்ந்திருக்கிறது. இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை.